முற்றத்துச் செடியைப் பெயரறிந்து பேணுதல்

"இஃது என்ன செடி?" என்னும் வினா, தாவரவியல் கற்பிப்போரை வாழ்நாள் முழுவதுந் தொடர்ந்து வருவதொன்றாகும். கோயில் வீதியிலோ, கலியாண வீட்டிலோ, பேருந்து நிலையத்திலோ யாரேனும் ஒருவர் சட்டைப்பையிலிருந்து வாடிய இலையொன்றை எடுத்து நீட்டி இவ்வினாவை எழுப்புவர். இக்காலத்தில் இலைக்குப் பதிலாகக் கைத்தொலைபேசியிற் படத்தைக் காட்டுவாரும் உளர். இவ்வினாவின் பின்னே பெரும்பாலும் இன்னொரு வினா மறைந்து நிற்கும். "இலையெல்லாம் மஞ்சளிக்கின்றன, யாது செய்யலாம்?" என்பதோ, "மூன்றாண்டாகியும் பூக்கவில்லை; வெட்டிவிடலாமா?" என்பதோ, "இதனைக் கறியாக்கி உண்ணலாமா?" என்பதோ அவ்வினாவாக இருக்கும். பின்னைய வினாவுக்கு விடை கூறப் புகுவோன் முன்னைய வினாவுக்கு முதலில் விடை கண்டிருத்தல் வேண்டும். செடியின் பெயரை அறிந்தால், அதன் சுற்றமும், பிறந்த நாடும், விரும்பும் மண்ணும், வெறுக்கும் நீரும் அப்பெயரோடு கூடவே வந்து சேரும். அறியாவிடில், நன்மை கருதிச் சொல்லும் அறிவுரையே செடிக்கு நஞ்சாதலுங் கூடும்.

பெயரென்றதும் ஊர்வழக்குப் பெயரே நமக்கு நினைவு வரும். அஃது இனியது, ஆயினும் மயக்கத்துக்கு இடமளிப்பது. 'அலரி' என்னுஞ் சொல்லை எடுத்துக்கொள்வோம். நம்மவர் அலரி என்பது, ஒடுங்கி நீண்ட இலையும் இளஞ்சிவப்பு அல்லது வெண்ணிறப் பூவும் உடைய செடியை. பொன்னலரி எனப்படுவதோ அதனின் வேறாய், மஞ்சட் பூவும் சதைப்பற்றுள்ள காயும் உடையது. சிங்கள மக்கள் 'அறலிய' என வழங்குவது இவ்விரண்டையும் அன்று. தடித்த கிளையும் அகன்ற இலையும் நறுமணமும் உடைய, கோயில்களிலும் விகாரைகளிலும் காணப்படும் பூமரத்தையே அவர்கள் அப்பெயரால் அழைப்பர். கண்டியிலுள்ள நண்பர் அறலிய நடுக என எழுத, யாழ்ப்பாணத்து அன்பர் அலரியை நட்டுவைப்பாராயின் பிழை இருவர்பாலும் இல்லை, சொல்லின்பாலதே.

இம்மூன்றும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை என்பது உண்மையே. எனினும் அவற்றை வேறுபிரித்தறிதற்குப் பூவைக்கூட நாடவேண்டியதில்லை. அலரியிலே ஒவ்வொரு கணுவிலும் பெரும்பாலும் மூன்று இலைகள் வட்டமாக நிற்கும். பொன்னலரியில் இலைகள் ஒவ்வொன்றாகத் தண்டைச் சுற்றி அமைந்திருக்கும். ஒடித்தாற் பால் வடியும். அறலியவில் அகன்ற இலைகள் கிளைநுனியிற் கொத்தாகத் திரண்டு நிற்கும். அலரி, பொன்னலரி ஆகிய இரண்டின் எல்லா உறுப்புக்களும் இதயத்தைத் தாக்கும் நச்சுப் பொருள்கள் உடையன. ஆகலின், சிறு குழந்தைகள் விளையாடும் முற்றத்தில் எது நிற்கின்றதென்பதை அறிந்திருத்தல் வேண்டும்.

இத்தகைய மயக்கத்தை நீக்கும் பொருட்டே, 1753ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டறிஞர் லின்னேயசு வெளியிட்ட நூலோடு, சாதிப்பெயர் ஒன்றும் இனப்பெயர் ஒன்றுமாக இரு சொற்களாற் பெயரிடும் முறை தாவரங்களுக்கு நிலைபெற்றது. அலரி, உலகெங்கும் 'நீரியம் ஒலியாந்தர்' ஆயிற்று. அறலிய 'புளுமேரியா' ஆயிற்று. விஞ்ஞானப் பெயர்தானும் என்றும் மாறாதது என எண்ணிவிடலாகாது. பொன்னலரியை நாங்கள் மாணவராயிருந்த காலத்துத் 'தெவேசியா' எனப் படித்தோம். இப்பொழுது அது 'கஸ்கபேலா' என்னுஞ் சாதியில் வைக்கப்பட்டுள்ளது. ஆயினும், எந்தப் பெயர் எந்தப் பெயராக மாறிற்று என்பது எழுத்தில் இருத்தலால் அங்கே குழப்பத்துக்கு இடமில்லை.

தாவரங்களைக் கூர்ந்து நோக்கி வகுக்கும் முயற்சி மேனாட்டாரிடமிருந்தே நமக்கு வந்ததென்று மாணவர் சிலர் எண்ணுவர். தொல்காப்பிய மரபியலை ஒருமுறை புரட்டுவாராயின் அவ்வெண்ணம் மாறும். வெளிப்புறத்தே வைரம் உடையனவற்றைப் புல்லெனவும், உள்ளே வைரம் உடையனவற்றை மரமெனவும் ஆசிரியர் அங்கே பிரித்து, ஒவ்வொன்றன் உறுப்புக்களுக்கும் உரிய பெயர்களைத் தனித்தனியே கூறுகின்றார். அந்தப் பகுப்பின்படி வானளாவ நிற்கும் பனையும் புல்லே. பனைக்கு ஓலை உண்டு, மாவுக்கு இலை உண்டு என்று நாம் இன்றும் பிறழாது வழங்குகின்றோம். பனையிலை என்று எவருங் கூறுவதில்லை. பனையையும் தென்னையையும் நெல்லையும் ஒருவித்திலைத் தாவரங்கள் என ஒரே பிரிவில் வைக்கின்ற இக்காலத் தாவரவியலோடு இது பெரிதும் ஒத்துச் செல்லுகின்றது. முற்றும் ஒன்றே எனச் சாதிப்பது மிகையாகும். ஆயினும் மேற்றோற்றத்தில் மயங்காது தண்டை வெட்டி உள்ளே நோக்கிய ஒரு கண் அங்கே இருந்திருக்கின்றது என்பதில் ஐயமில்லை. அந்தக் கண்ணே நமக்கும் வேண்டும்.

இனி, பெயரறியாச் செடியொன்றின் முன்னே நிற்பவன் எதனை நோக்கவேண்டும் எனக் காண்போம்.

முதலில், இலை எது என்பதைத் தீர்மானித்தல் வேண்டும். இது நகைப்புக்குரியதாகத் தோன்றலாம். ஆனால் வேம்பின் இலை எதுவெனக் கேட்டால், வகுப்பிற் பாதிப்பேர் ஒரு சிறு சிற்றிலையையே பறித்து வருவர். வேம்பிலும் கறிவேம்பிலும் ஈர்க்கோடு கூடிய முழுத்தொகுதியுமே ஓர் இலையாகும். முருங்கையிலோ பலமுறை கிளைத்து நிற்கும் அந்தப் பெருந்தொகுதி முழுவதும் ஓரிலையே. இதனை அறிதற்கு எளிய வழியொன்றுண்டு. இலைக்காம்பு தண்டோடு சேரும் மூலையிலே ஓர் அரும்பு இருக்கும். சிற்றிலையின் அடியில் அஃது இராது. அரும்பு எங்கே இருக்கின்றதோ அங்கேதான் இலை தொடங்குகின்றது.

அடுத்து, இலைகள் தண்டில் எவ்வாறு அமைந்துள்ளன என நோக்குக. ஒன்றுவிட்டொன்றாகவா, எதிரெதிராகவா, வட்டமாகவா? இந்தவொரு வினாவே நூற்றுக்கணக்கான செடிகளை ஒதுக்கிவிடும். இலைகள் எதிரெதிராக இருந்து, எதிரெதிர் நிற்கும் இரு காம்புகளுக்கும் இடையே தண்டை ஒட்டிச் சிறு செதிலொன்று காணப்படின், அது பெரும்பாலும் கோப்பியின் குடும்பத்தைச் சேர்ந்தது. எக்சோரா, பாவட்டை முதலியன எல்லாம் அக்குடும்பத்தினவே. எதிரிலையோடு நாற்சதுரத் தண்டும், கசக்கினால் எழும் நறுமணமும் சேர்ந்திருப்பின் துளசியின் சுற்றத்தை நினைக்கலாம். இலையை ஒடித்துப் பால் வருகின்றதா எனப் பார்த்தலும் பயனுடையது; ஆயின் அந்தப் பால் கண்ணிலும் வாயிலும் படாதிருத்தல் வேண்டும். பெயரறியாச் செடியைச் சுவைத்துப் பார்ப்பதோ எஞ்ஞான்றும் ஆகாது.

இலையின் பருமனையும் வடிவையும் மட்டும் நம்புவோர் ஏமாறுவர். வீட்டுக்குள்ளே போத்தலில் உள்ளங்கையளவு இலையோடு நிற்கும் மணி பிளான்ற் கொடி, வெளியே தென்னையைப் பற்றி ஏறியதும் சுளகு போன்ற இலைகளை விரித்து, ஓரங்களையும் கிழித்துக்கொள்ளும். இரண்டையும் அருகருகே வைத்துக் காட்டினால் ஒரே செடியென எவரும் நம்பமாட்டார்.

இவையெல்லாங் குறிப்புக்களே, தீர்ப்புச் சொல்வது பூ. செவ்வரத்தைப் பூவைப் பிளந்து பார்த்த மாணவன் அதன் நடுவே கேசரங்கள் யாவும் ஒன்றிணைந்து குழாயாகித் தம்பத்தைச் சூழ்ந்து நிற்பதை மறவான். அதே குழாயைப் பூவரசம் பூவிலும், பருத்தியிலும், வெண்டியிலும், வேலியோரத்துத் துத்தியிலும் காணலாம். எனவே, புதிதாக வந்த செடியொன்று அத்தகைய பூவைக் காட்டுமாயின், பெயர் முழுவதும் தெரியாவிட்டாலும் அதன் குடும்பம் தெரிந்துவிடும். குடும்பம் தெரியவே பேணுதலும் ஓரளவு தெரியும். பருத்திக் காயைத் துளைக்கும் செந்நிறப் பூச்சி இந்தச் சுற்றத்தார் வீடெங்கும் விருந்துண்ணச் செல்லும். ஆகலின் வெண்டிப் பாத்தியின் அருகே அதனை நடாதிருத்தல் நன்று.

பெயரிலிருந்து பேணுதலுக்குச் செல்லும் வழியில் யானே பிழைத்ததுண்டு. அயலிலுள்ள வீடொன்றிலே, புதிதாகக் கட்டிய மதிலின் ஓரமாக ஐந்து எக்சோராச் செடிகள் வரிசையாக நடப்பட்டிருந்தன. வெட்சி எனத் தமிழ் நூல்கள் பாராட்டுவதும், முருகனுக்கு உகந்ததெனப் பத்தியோடு வளர்ப்பதும் இச்செடியே. சில மாதங்களில் அவை மஞ்சளிக்கத் தொடங்கின. வீட்டு அம்மையார் என்னை அழைத்து வினவினார். செடியின் பெயரை அறிந்திருந்தேன், ஆயின் அப்பெயர் எதனைச் சொல்லுகின்றதென நின்று நினையாமல், "சிறிது யூரியா இடுங்கள், அம்மா, கிணற்று நீரையும் சற்றுக் கூடுதலாக ஊற்றுங்கள்" எனக் கூறி வந்துவிட்டேன். அவர் அவ்வாறே செய்தார். இரண்டு மாதத்தின் பின் சென்று பார்த்தபொழுது நுனியிலைகள் ஏறக்குறைய வெண்மையாகி ஓரங் கருகியிருந்தன.

அப்பொழுதுதான் முன்னரே பார்த்திருக்கவேண்டியதைப் பார்த்தேன். மஞ்சளித்திருந்தவை இளவிலைகள், முதிர்ந்த இலைகள் பச்சையாகவே இருந்தன. இளவிலைகளிலும் நரம்புகள் பசுமையாய் நிற்க, நரம்பிடைப் பகுதியே வெளிறியிருந்தது. நைதரசன் குறைந்தால் முதலில் மஞ்சளிப்பவை முதிர்ந்த இலைகள். ஏனெனில் செடி அப்பொருளைப் பழைய இலையிலிருந்து எடுத்துப் புதிய தளிருக்குக் கொடுக்கவல்லது. இரும்பு அவ்வாறு இடம் பெயராது. அது குறைந்தாற் புதிய தளிரே வெளிறும். எக்சோரா அமிலத்தன்மையுள்ள மண்ணை விரும்புஞ் செடி. யாழ்ப்பாணக் குடாநாடோ சுண்ணாம்புக்கல்லின் மேல் அமைந்தது. நம் கிணற்று நீரிலும் சுண்ணாம்பு கரைந்துள்ளது. போதாக்குறைக்குப் புதுமதிலின் சீமெந்துச் சாந்தும் வேரடியில் விழுந்து கிடந்தது. காரத்தன்மையுள்ள மண்ணிலே இரும்பு இருந்தும் வேரினால் அதனை உறிஞ்ச இயலாது. யான் கூடுதலாக ஊற்றச் சொன்ன ஒவ்வொரு வாளி நீரும் நோயை வளர்த்திருக்கின்றது!

அந்த ஐந்தினுள் மூன்றே பிழைத்தன. அவற்றை மதிலோரத்திலிருந்து பெயர்த்து, கூட்டெருவும் மக்கிய இலையுங் கலந்த மண் நிரப்பிய பெரிய சாடிகளிலே வைத்தோம். மாரியிற் சேர்த்த மழைநீரை ஊற்றினோம். விவசாயப் பொருள் விற்குங் கடையில் வாங்கிய இரும்புச்சத்துக் கரைசலை இலையிற் சிறிது தெளித்தோம். அடுத்து வந்த தளிர்கள் பச்சையாயின. இதே சுண்ணாம்பு மண்ணில் அலரி எவ்வகை உபசாரமுமின்றிச் செழித்து வளரும். ஆகவே "எல்லாப் பூமரத்துக்கும் ஏற்ற பசளை எது?" என்று கேட்பாருக்கு விடை கூறல் அரிது.

அறலியவைப் பற்றியும் ஒன்று கூறவேண்டும். இம்மரம் அமெரிக்க வெப்பமண்டலத்தது. ஐரோப்பியர் கடல்வழி கண்டபின்னரே கீழைநாடுகளுக்கு வந்தது. தன் தாயகத்திலே நீண்ட வறட்சிக் காலத்தில் இலையுதிர்த்து உறங்கிப் பழகியது. இங்கும் கோடையில் இலை முழுவதையும் உதிர்த்து மொட்டையாக நிற்கும்போது, மரம் பட்டுவிட்டதென அஞ்சி நாளும் நீரூற்றுவார் பலர். உறங்கும் வேர் அந்நீரில் அழுகும். நகத்தாற் பட்டையை மெல்லக் கீறினால் உள்ளே பசுமையும் பாலும் தெரியுமாயின் மரம் உயிரோடுதான் இருக்கின்றது. தடி வெட்டி நடுவோரும் உடனே நடாமல், வெட்டுவாயிற் பால் உலரும்படி ஒரு கிழமையளவு நிழலிற் போட்டுவைத்து நடுதல் வேண்டும். கடதாசிப்பூவின் இயல்பும் ஓரளவு இதனை ஒத்தது: நீரும் பசளையும் மிகுந்தால் இலையை மட்டுமே தரும், வெயிலில் விட்டுச் சற்றே வாடவைத்தாற் பூத்துக் குலுங்கும்.

இதுகாறுங் கூறியவற்றில், பிழை நேர்ந்தால் ஒரு செடி சாகும், அவ்வளவே. பெயர் மாறியதனால் ஒரு நாட்டின் நீர்நிலைகளுக்கே இடர் வரவிருந்த கதையொன்றுண்டு. அதிலே நம் நாட்டவர்க்கு நேரே பங்கிருந்தமையின் அதனைச் சற்று விரித்துரைப்பது பொருந்தும்.

பொன்னாங்காணி நம் கறிவகைகளுட் சிறந்தது. சிங்கள மக்கள் இதனை முகுணுவென்ன என்பர். இலங்கையிலிருந்து அவுஸ்திரேலியா சென்று குடியேறியோர் அங்கும் தம் வீட்டுக் கொல்லைகளில் இதனை வளர்த்து உண்டுவந்தனர். ஒருவர் மற்றவருக்குத் தண்டு கொடுக்க, இக்கீரை மாநிலத்துக்கு மாநிலம் பரவிற்று. 1990களின் நடுப்பகுதியில் அந்நாட்டுக் களை ஆராய்ச்சியாளர் இத்தோட்டங்களைப் பார்வையிட்டபொழுது திடுக்கிட்டனர். பலருடைய பாத்திகளில் நின்றது பொன்னாங்காணியன்று. அதே சாதியைச் சேர்ந்த வேறோர் இனம். தென்னமெரிக்காவைத் தாயகமாகக் கொண்டதும், ஆங்கிலத்தில் அலிகேற்றர் வீட் என வழங்கப்படுவதும், உலகின் கொடிய களைகளுள் ஒன்றென எண்ணப்படுவதும் அதுவேயாகும். நீரின்மேற் பாய்விரித்தாற்போலப் படர்ந்து வாய்க்கால்களை அடைக்கும். நிலத்திலும் ஆழ வேரூன்றும். கணுவொன்றுள்ள சிறு துண்டு போதும், அது புதிய செடியாகும். அந்நாட்டிலே இக்களையை ஒழிக்க ஒருபுறம் பெரும் பொருள் செலவிட்டுக்கொண்டிருக்க, மறுபுறம் நம்மவர் அன்போடு அதற்கு நீர் வார்த்திருக்கின்றனர். அவர்களைக் குறைகூறல் தகாது. ஊரை விட்டுச் சென்றோர் ஊரின் கீரையைத் தேடியது குற்றமன்று.

விக்ரோறியா மாநிலத்து அதிகாரிகள் இதனைக் கையாண்ட முறை பாராட்டுக்குரியது. வீடு வீடாகச் சென்று பறித்தெறிவதோடு அவர்கள் நில்லாமல், அதே சாதியில் அந்நாட்டுக்கே உரியதாய், தீங்கற்றதாய், பொன்னாங்காணியைப் போல உண்ணத்தக்கதாய் உள்ள வேறோர் இனத்தைத் தேர்ந்து அதனைப் பதிலாக வழங்கினர். கீரையைப் பறிகொடுத்தவரிடம் வெறுங்கையோடு செல்லாத அறிவு அது. இன்று இலங்கையிலும் அக்களை காணப்படுவதால், இம்மயக்கம் கடல்கடந்த நாட்டின் செய்தி மட்டுமன்று.

இவ்விரண்டையும் வேறுபடுத்துவது எவ்வாறு? இலையை நோக்கினால் ஐயமே மிகும். இரண்டிலும் இலைகள் எதிரெதிரானவை. வடிவும் ஏறக்குறைய ஒன்றே. களையின் இலை சற்றுப் பெரிது, அதன் முதிர்ந்த தண்டு உள்ளே துளையுடையது என்பன உதவுங் குறிப்புக்களாயினும், நீர் வளத்துக்கு ஏற்ப இவை மாறுபடும். பூவோ ஐயத்துக்கு இடமின்றிப் பேசும். பொன்னாங்காணியின் சிறிய வெண்பூங்கொத்து, காம்பே இன்றி, இலைக்காம்பின் மூலையில் தண்டோடு ஒட்டி அமர்ந்திருக்கும். களையின் பூங்கொத்தோ அதனிலும் பெரிதாய், ஒரு சதமமீற்றருக்கு மேற்பட்ட உருண்டையாய், தனக்கெனத் தெளிவான நீண்ட காம்பின் நுனியில் நிமிர்ந்து நிற்கும். பொன்னாங்காணியின் விஞ்ஞானப் பெயர் 'அல்டெர்னாந்தெரா செசிலிஸ்' என்பது. செசிலிஸ் என்னும் இலத்தீன் சொல்லுக்கு அமர்ந்திருப்பது என்பதே பொருள். பெயரை வைத்தவர் அடையாளத்தையும் அதனுள்ளேயே வைத்துவிட்டார்.

அங்ஙனமாயின் இத்தனை பேர் எங்ஙனம் மயங்கினர் எனக் கேட்கலாம். காரணம் கீரைப் பாத்தியிலேயே இருக்கின்றது. கறிக்காக அடிக்கடி நுனி கிள்ளப்படுஞ் செடிக்குப் பூக்க வாய்ப்பேது? எவ்வுறுப்பு உண்மையைச் சொல்லுமோ அவ்வுறுப்பு தோன்றாமலே நாம் தடுத்துவிடுகின்றோம். ஆகவே புதிதாகப் பொன்னாங்காணித் தண்டு வாங்கி நடுவோர், பாத்தியின் மூலையில் ஒரு செடியையாவது கிள்ளாமல் விட்டு, அது பூக்கும்வரை பார்த்திருத்தல் வேண்டும். காம்போடு பூக்குமாயின் ஏனையவற்றையும் வேரோடு அகழ்ந்தெடுத்து, வாய்க்காலிலோ குப்பைக் குழியிலோ எறியாமல், சாக்கின்மேற் பரப்பிக் கணுக்கள் யாவும் காய்ந்து சருகாகும்வரை வெயிலிற் காயவைத்து எரித்துவிடுக. அப்பகுதி விவசாயப் போதனாசிரியருக்கு ஒரு சொல் அறிவித்தலும் வேண்டும்.

உண்ணும் பொருளைப் பற்றிப் பேசும்பொழுது கிழங்கினத்தையும் விடலாகாது. மாரி தொடங்கியதும் வேலியோரத்திலே தீச்சுடர் போலப் பூக்கும் கார்த்திகைப்பூவை அறியாதார் இலர். குறிஞ்சிப்பாட்டிலே கபிலர் அடுக்கிக் கூறும் 99 பூக்களுள்ளும் இஃது காந்தள் என்னும் பெயரோடு இடம்பெற்றுள்ளது. இலைநுனி நீண்டு பற்றுக்கம்பியாகச் சுருண்டு பிற செடிகளைப் பற்றும். இது பூவாத காலத்தும் அதனைக் காட்டிக்கொடுக்கும். ஆனால் கோடையில் மேலே ஒன்றும் இராது. நிலத்தினுள்ளே கிழங்கு மட்டும் உறங்கும். அக்கிழங்கிலே கொல்கிசின் என்னுங் கொடிய நஞ்சு உண்டு. வள்ளிக்கிழங்கென்றோ வற்றாளங்கிழங்கென்றோ மயங்கி அதனைத் தின்று நஞ்சுற்றோர் நம் நாட்டில் இருந்திருக்கின்றனர். இலையும் பூவுமற்ற தனிக்கிழங்கைப் பெயரறிய முயலுதல் வீண். தோட்டங் கொத்தும்போது அத்தகையது அகப்படின் மீண்டும் புதைத்து அருகே தடியொன்றை நட்டுவைத்து, ஐப்பசி மழை முளையைக் கொணருமட்டும் காத்திருக்க.

காத்திருக்க இயலாதார், அறிந்தோரிடம் அனுப்பிக் கேட்கலாம். எதை அனுப்புவது என்பதிலேதான் குறை நேர்கின்றது. தனியிலையாலும் தனிப்பூவாலும் பெரும்பயன் இல்லை. இலைகள் தண்டோடு பொருந்திய பாங்கு தெரியும்படி ஒரு சிறு கிளை, அதிலே பூவும் இயன்றாற் காயும் இருத்தல் வேண்டும். அதனைப் பழைய செய்தித்தாள்களுக்கிடையே பரப்பி, ஓரிலையைப் பின்புறந் தெரியத் திருப்பி, மேலே பாரம் வைத்து, தாளை நாள்தோறும் மாற்றி உலர்த்துக. பூவின் நிறம், மணம், பால், செடியின் உயரம், நின்ற இடம், பறித்த நாள், ஊரார் வழங்கும் பெயர் ஆகியவற்றை உடனே எழுதிவைக்க. உலர்ந்தபின் நிறமும் மணமும் போய்விடும்.

இவ்வாறு உலர்த்திய கிளை எவ்வளவு காலம் பேசும் என்பதற்கு நம் நாடே சான்று. 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே ஒல்லாந்தர் கும்பனியின் மருத்துவராய் இங்கிருந்த போல் ஏர்மான் என்பார் இலங்கைச் செடிகளைத் திரட்டி உலர்த்திச் சென்றார். அவர் 1695இல் இறந்து ஏறக்குறைய அரை நூற்றாண்டின் பின் அத்தொகுதி லின்னேயசின் கைக்கு எட்டியது. இலங்கையை ஒருபோதும் காணாத அவ்வறிஞர், அவ்வுலர் கிளைகளை வைத்தே இந்நாட்டுத் தாவரங்களைப் பற்றிய நூலை 1747இல் வெளியிட்டார். அத்தொகுதி இன்றும் இலண்டன் இயற்கை வரலாற்று நூதனசாலையிற் பேணப்படுகின்றது. பின்னர் 1821இற் பேராதனைப் பூங்கா தோன்றியது. 1824இல் அலெக்சாண்டர் மூன் பெயர்ப்பட்டியலொன்றைத் தந்தார். 1893 முதல் 1900 வரை வெளிவந்த திரிமன் என்பாரின் கைந்நூல், சிங்களப் பெயர்களோடு தமிழ்ப் பெயர்களையுந் தருவதால் நமக்குப் பெரிதும் பயன்படுவது. ஆசிரியர் 1896இல் இறக்க, எஞ்சிய பகுதியை ஊக்கர் முடித்துவைத்தார். அந்நூலைத் திருத்தி விரித்த பதிப்பு 1980 தொடக்கம் பல தொகுதிகளாக வெளிவந்துள்ளது. பேராதனையிலுள்ள தேசிய உலர்தாவரச் சாலையிலே ஒப்பிட்டுப் பார்த்தற்கு உரிய மாதிரிகள் உள்ளன.

படமெடுத்து அனுப்புவோர் முழுச்செடி, இலையமைந்த கணு, இலையின் பின்புறம், பூவின் முன்னும் பக்கமும் ஆகியவற்றைத் தனித்தனியே எடுக்க. அருகே ஓர் அடிமட்டத்தையும் வைக்க. கைத்தொலைபேசியிற் படத்தைக் காட்டியதும் பெயர் கூறுஞ் செயலிகள் இப்பொழுது உள்ளன. யானும் அவற்றைப் பயன்படுத்துவதுண்டு. பூவோடு காட்டினால் நன்றாகவே கூறும். வெறும் இலையைக் காட்டினால் ஒருநாள் ஒன்றும் மறுநாள் மற்றொன்றுமாகக் கூறும். அது கூறும் பெயரை விடையாகக் கொள்ளாமல், நூலிலே தேடிச் சரிபார்த்தற்குரிய ஊகமாகக் கொள்ளலாம். கறிச்சட்டிக்குள் இடும் பொருளுக்கு அதனை நம்புதல் கூடாது.

சென்ற மாரியில் மாணவனொருவன் வேலியோரத்திலிருந்து பிடுங்கி வந்த கன்றொன்று இப்பொழுது என் முற்றத்திற் சாடியில் நிற்கின்றது. இலைகள் எதிரெதிராக உள்ளன, இடையே செதில் இல்லை, ஒடித்தாற் பாலில்லை, தண்டு சதுரமன்று. பெயர் தெரியும்வரை அதனை நிலத்தில் நடுவதாக இல்லை; வேர் எங்கே ஓடுமென அறியோம். பிற சாடிகளிலிருந்து நான்கடி விலக்கி, காலை வெயில் படும் இடத்தில் வைத்திருக்கின்றேன். விரலை மண்ணில் அழுத்தி ஈரமில்லையெனக் கண்ட பின்னரே நீர் விடுகின்றேன். பசளை ஒன்றும் இடவில்லை. சாடிக்கன்றுகளுட் பெரும்பாலானவை தாகத்தாற் சாவதில்லை, மிகுந்த நீராலேயே சாகின்றன. அம்மாணவன் வாரந்தோறும் வந்து அரும்பு கட்டியிருக்கின்றதா எனப் பார்த்துச் செல்கின்றான். சென்ற திங்கட்கிழமை வந்தபொழுது நுனியிலைகளின் மூலையில் ஏதோ திரள்வதாகக் கூறினான். கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். இலையரும்பா பூவரும்பா என இன்னுந் தெரியவில்லை.